அடை வைத்த கை

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கோழி விஷயத்தை இன்று முடிவு செய்தே ஆக வேண்டும்.

நேற்று மகன் பிரவீண் மஸ்கட்டிலிருந்து போன். ஜனவரியில் லீவுக்கு வருகிறானாம். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என்னை நாகர்கோவில் பிளாட்டில் மருமகளோடு கொண்டு விடப் போகிறானாம். மூன்றாவது மாடி. பக்கத்து வீட்டில் இருக்கும் என் அண்ணனோடும் அவன் மனைவி மைனியோடும் பேசி முடித்துவிட்டான். என்னிடம் சொன்னதுதான் கடைசி.

இது என் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒன்றரை வருடமாகத் தனியாகத்தான் இருக்கிறேன். ஒரு குறையும் இல்லை. பல்லி கொஞ்சம் அதிகம்.

கோழி வளர்த்தால் ஒரு நாள்கூட வீட்டைப் பூட்டிப் போட முடியாது. எனக்கும் அதுதான் வேண்டும்.

சத்துணவுக் கூடத்தில் ஓய்வு பெறும் வரை முட்டை அவித்தவள் நான். ஒரு கோழிகூட வளர்த்ததில்லை. சிரிப்புதான் வருகிறது.

எந்த இனம்?
வெள்ளை லெக்கார்ன் – முட்டை நிறைய. பார்த்தால் பள்ளிக்கூட ஞாபகம். வேண்டாம்.
சிறுவிடை – நம் நாட்டுக்கோழி. முட்டை குறைவு. சுவர் தாண்டி அண்ணன் கீரையில் இறங்கும். (யோசிக்கலாம். கீரை போனால் போகட்டும்.)
கருங்கோழி – எலும்பு வரை கறுப்பு. விலை யானை விலை.
கிராமப்பிரியா – சாது. முட்டை உண்டு.

அக்டோபர் 8, புதன்

வெயில். மார்த்தாண்டம். பஸ்ஸில் பின் சீட்டில் ஒருத்தி: “கின்னிக்கோழி வளத்தா பாம்பு வராது கேட்டியா. அது கத்துற கத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரனும் வரமாட்டான்.” அதையும் யோசித்தேன்.

புத்தகம் இரண்டு. தமிழில் ஒன்று, ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர் எழுதியது. மலையாளத்தில் ஒன்று, எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். மகனுக்கோ என்று நினைத்தேன் என்றார். மகனுக்கு ஒட்டகம்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு புத்தகமும் ஒன்றோடொன்று சண்டை. மரச்சீனிக் கிழங்கு இலையைத் தீனியாகப் போடலாம் என்கிறது ஒன்று, கூடவே கூடாது என்கிறது மற்றது. தமிழ்ப் புத்தகம் பக்கம் பக்கமாகத் திட்டுகிறது. எனக்கு அதுதான் பிடித்தது.

கிராமப்பிரியா பற்றி: “அடை உட்காரும் குணம் குறைவு.” அடைகாக்க உட்கார்ந்தால் முட்டையிடுவது நின்றுவிடும், உட்காராவிட்டால் லாபம்தானே. முடிவு செய்துவிட்டேன். நான்கு பெட்டை, சேவல் வேண்டாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

கூடு வந்தது. வெல்டிங் கடைக்காரர் ஹைடெக் கூடுதான் நல்லது என்று ஒரே பிடி. குழாயில் தண்ணீர், சரிவில் முட்டை உருண்டு வரும், நீங்கள் குனியவே வேண்டாம் என்றார். குனிய முடியாதவள் கோழி எதற்கு வளர்க்க வேண்டும்? சாதா கூடுதான். கால் உயரமாக, மேலே தகரம், சிறு கண் வலை. பெரிய கண் வலையென்றால் கீரி உள்ளே கை விட்டு இழுக்கும் என்று புத்தகம்.

வாங்கியது: தண்ணீர்க் குடுவை, தீனித் தட்டு, உமி ஒரு சாக்கு. முட்டைப் பெட்டிக்கு அவருடைய பழைய சூட்கேஸ். மூடியைக் கழற்றியாயிற்று. கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வளைகுடா முழுக்க அலைந்தவர்.

மாலையில் கோழிகள். நான்கும் மூலையில் ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தன. நானும் பார்த்தேன்.

அண்ணன் மதில் மேல் தலையை நீட்டினான். “ஏட்டி, ஜனவரில போறவளுக்கு இப்ப எதுக்கு கோழி?” தீனி போட்டேன்.

அக்டோபர் 15, புதன்

மதியத்துக்கு மேல் இடி, மழை. பிரவீண் போன். கோழி சமாச்சாரம் அங்கே போய்விட்டது, மைனி உபயம். சிரித்துக்கொண்டே, நாலு கோழிதானே, வரும்போது மாமாவிடம் கொடுத்துவிடலாம், இல்லாவிட்டால் கறி வைத்துவிடலாம் என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. மருமகள் வேலைக்குப் போகிறாள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். அதைச் சொல்லிக் கேட்டால் வாரம் இரண்டு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். “அம்மா தனியா கஷ்டப்படுறாங்க” என்று ஊருக்குச் சொல்வதுதான் பொறுக்கவில்லை. யார் கஷ்டப்படுகிறார்கள்?

நான்கு கோழியை ஒரே நாளில் கொடுத்துவிடலாம். தாயும் குஞ்சுமாக இருந்தால் முடியுமா? பேச்சிப்பாறைப் பக்கம் கருங்கோழி வளர்ப்பவருக்குப் போன் செய்து அடை முட்டை சொல்லிவிட்டேன். யானை விலைதான். பரவாயில்லை.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அடையில் யார் உட்காருவது? உட்காராத இனமாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன். மண்டைக்குள் மூளையா உமியா?

அக்டோபர் 17, வெள்ளி

வழி கிடைத்தது, மைனி வீட்டில். அவள் சிறுவிடைப் பெட்டை மூன்று நாளாக வெறும் கூடையில் அடை கிடக்கிறது. வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, கேட்டேன். கோழி அவளுடையது, முட்டையும் தீனியும் என்னுடையது, குஞ்சில் பாதிப் பாதி. சரி என்றாள். ஒரு கண்டிஷன்.

“முட்டைய நீ வைக்காண்டாம் பிள்ள. தாலியறுத்த கையி. நான் வந்து வச்சுத் தாறேன், ஒண்ணும் நெனச்சுக்கிடாத.”

நினைத்துக்கொண்டேன். நன்றாகவே நினைத்துக்கொண்டேன். என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரிந்தவள். அவருக்கு முடியாமல் போனபோது ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தவளும் இவள்தான். அதனால்தான் இன்னும் வலிக்கிறது. சரி மைனி என்று மட்டும் சொல்லி, கோழியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 18, சனி

முட்டை பஸ்ஸில் வந்தது, உமிக்குள். பதினொன்று. எல்லாவற்றிலும் எச்சம். பள்ளிக்கூடப் பழக்கம்: கை தானாக வாளியில் தண்ணீர் பிடித்தது. மிதக்கிறதா என்று பார்த்து, தேங்காய் நாரால் தேய்த்து, துடைத்து அடுக்கினேன். பளபளவென்று இருந்தது.

கூடையில் மணல், வைக்கோல், ஒரு துண்டு கரி, ஒரு இரும்பாணி, இடிக்கு முட்டை கலங்காமலிருக்க. (இதை மட்டும் நம்புகிறேனா? தெரியாது. இரும்புக்கு யார் தாலி பார்க்கிறார்கள்?)

மைனிக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஒவ்வொன்றாக என் கையாலேயே வைத்தேன். கோழி ஒரு கொத்து கொத்தியது, பிறகு இறக்கையை விரித்து உட்கார்ந்தது. சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் புத்தகத்தில் அடுத்த அத்தியாயம். “அடை முட்டையை ஒருபோதும் கழுவக் கூடாது. ஓட்டின் மேலுள்ள படலம் போய்விடும், கிருமி உள்ளே போகும்.” இரண்டு முறை வாசித்தேன். மலையாளத்திலும் பார்த்தேன். இந்த ஒன்றில் மட்டும் இரண்டுக்கும் சண்டை இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

இடி. ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது. கோழி அசையவில்லை.

நானே வைத்தது மைனிக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. “எல்லாம் கூமுட்டையாப் போவும் பாரு” என்றாள். பிரவீணிடமும் சொல்வாள். கோழிகூட வளர்க்கத் தெரியாத பொம்பிளை தனியாக எப்படி இருப்பாள் என்பான் அவன்.

பொரிக்காவிட்டால் தண்ணீரால்தான் பொரிக்கவில்லை. என் கையாலும் இல்லை, கழுத்தாலும் இல்லை. ஆனால் யார் நம்புவார்கள்? கழுவியதையும் மைனியிடம் சொல்லிவிட்டேன். காதிலேயே வாங்கவில்லை. அவளுக்குத் தாலிக் கதைதான் வேண்டும்.

பயமாகத்தான் இருக்கிறது. எழுதி வைக்கிறேன். பயம்.

நவம்பர் 2, ஞாயிறு

கிராமப்பிரியா முதல் முட்டை. சின்னது, தவிட்டு நிறம். சூட்கேஸில் போடாமல் தண்ணீர்க் குடுவை பக்கத்தில் போட்டுவிட்டது. ஆம்லெட். உப்பு கூடிவிட்டது. முழுக்கத் தின்றேன்.

நவம்பர் 8, சனி

காலையில் கூடைக்குள் கீச்சு. கையை விட்டேன், கோழி கொத்தியது, ரத்தம். உள்ளே ஈரமாக, கறுப்பாக ஒன்று. மத்தியானத்துக்குள் நான்கு. மாலையில் ஏழு. மீதி நான்கு கூமுட்டை. தென்னைமர மூட்டடியில் புதைத்தேன். அது வாளித் தண்ணீர் கணக்கு.

மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சிரித்தேன். வயதுக்கு அழகில்லை. இருக்கட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில் நல்லது. மைனி வந்தாள். பங்குக்குத்தான் என்று நினைத்தேன், குஞ்சு கொஞ்சம் தேறட்டும் என்றேன். அதற்கு இல்லை. மடியில் துணிக்குள் முட்டை. அவளுடைய இன்னொரு பெட்டையும் அடை கிடக்கிறதாம். போன தடவை அவள் வைத்ததில் பாதிக்கு மேல் கூமுட்டையாம்.

“ஒனக்குக் கைராசி உண்டும் பிள்ள. நீ வந்து வச்சுத் தா.”

ஒரு நிமிஷம் இனித்தது, பொய் சொல்லக் கூடாது. பிறகு கோபம் வந்தது. அன்றைக்கு ஆகாத கை இன்றைக்கு ராசிக் கையா? அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம். “என் கைக்கு ராசியும் இல்ல, தோஷமும் இல்ல மைனி. நீங்களே வையுங்க. கழுவாம வையுங்க” என்றேன். நின்றுகொண்டே இருந்தாள். காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு முட்டையோடு போனாள்.

மாலை பிரவீண் போன். மாமி சொன்னாள் என்றான், ஏழு குஞ்சாமே என்றான். சந்தோஷம்தான் அவனுக்கும். ஆனாலும் ஜனவரி பேச்சை விடவில்லை. டிக்கெட் போட்டாயிற்று, வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் அம்மா, ரெடியாக இருங்க என்றான்.

“வா மக்கா. வந்து லீவு முடியுற வரை இங்க இரு. போகும்போது நீ மட்டும் போ.”

போனை நானாக வைக்கவில்லை, அவனாக வைக்கட்டும் என்று காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில், ஜனவரி பேச்சை விட்டுவிட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்டான். இனிமேல்தான் என்றேன்.