ஆலை முத்திரை போட்ட ஓவியங்கள்

என் பிரியமான அண்ணி,

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. நாளைக்குக் கடற்கரைப் பக்கம் உங்கள் ஓவியக் கண்காட்சியைத் திறக்கிறார்கள்.

எழுபத்தைந்தில் அண்ணன் உங்களைச் சைகோனிலிருந்து உப்பளம் பகுதியில் இருந்த நம் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, உங்கள் பெட்டியில் துணிமணியைவிடத் தூரிகைகள்தான் அதிகம். ஆள், மரம், மாதா என்று எதுவும் வரைய மாட்டீர்கள். வெறும் நிறமும் கோடும்தான். "இது இன்னா அண்ணி?" என்று கேட்டால் "மழை" என்பீர்கள். எனக்கு ஒருநாளும் மழை தெரிந்ததில்லை. வரைவதற்கு, தான் வேலை பார்த்த பஞ்சாலையில் கழித்துப்போட்ட துணியை அண்ணன் யாருக்கும் தெரியாமல் இடுப்பில் சுற்றிக்கொண்டு வருவார்.

உங்கள் தங்கும் அனுமதியை விசாரிக்க அதிகாரி வந்த அன்று நான் செய்த காரியத்தை நினைக்காத நாளில்லை. அந்தக் கோடுகளை வரைபடம், உளவு வேலை என்று நினைத்துவிட்டால்? ஜீப் சத்தம் கேட்டதும் எல்லாப் படங்களையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். பின்பக்கம் வரிசையாக ஆலை முத்திரை! என் புத்தியை என்னவென்று சொல்ல?

"ஆல துணி இங்க எப்படி வந்திச்சி?" என்றார் அதிகாரி. நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீங்கள்தான், "வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டு போனப்போ நான் எடுத்தேன். அவருக்குத் தெரியாது" என்றீர்கள்.

அண்ணன் வேலை தப்பியது. உங்கள் காகிதத்தில் மட்டும் திருட்டு ஏறிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை வாங்கிய அனுமதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் அலுவலகம் போவீர்கள். எந்த நாள் நாடு கடத்துவார்களோ என்று இருந்துகொண்டு எப்படி அண்ணி தூங்கினீர்கள்? காய்ச்சலில் நீங்கள் கண்மூடும்வரை அந்தப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

கண்காட்சிக்காரர் படங்களைக் கம்பியில் தொங்கவிடுகிறாராம், முன்னும் பின்னும் தெரியும்படி. பதறிப்போய் அண்ணனிடம் ஓடினேன். அவருக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. "தொங்கட்டும் பிலோ. எடுத்தது நான்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன். வேல போனா போவட்டும்" என்றார்.

படங்களைத் திருப்பி வைத்தது யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. நீங்கள் சொல்லவே இல்லை. என்னை எப்போது மன்னித்தீர்கள்? மன்னித்தீர்களா?

நாளைக்கு அவர் பேசி முடித்ததும் நானும் எழுந்து நிற்பேன், அண்ணி. படங்களைத் திருப்பி வைத்தது நான்தான் என்று சொல்லும்வரை உட்கார மாட்டேன்.

உங்களைத் திருடியாக்கிய நாத்தனார்,
பிலோமினா