ஓனர் கையெழுத்து

சோளிங்கரில் மகள் வீட்டிலேயே தங்கிவிட்ட உனக்கு,

அவள் கல்யாணத்துக்கு நான் வராததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. இது வேறு விஷயம்.

உன் அப்பா உன் பேரில் வாங்கித் தந்த புல்லட்டை நானே பிரித்து மறுபடி பூட்டி ஓட வைத்துவிட்டேன். ஆர்.சி. புதுப்பிக்க நேற்று ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோனேன். சேஸிஸ் நம்பர்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்ததில் ஓர் எண்கூட விடாமல் பதிந்தது. பிரேக், ஹாரன், விளக்கு எதிலும் இன்ஸ்பெக்டரால் குறை சொல்ல முடியவில்லை.

“வண்டி ஜோரா கீது பெரியவரே. ஓனரம்மா எங்க?”

நான் துணியால் டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“இருக்காங்களா, தவறிட்டாங்களா? தவறிட்டாங்கன்னா வேற ஃபாரம்.”

“இருக்கா சார்.”

“அப்ப இந்த ஃபாரத்துல அவங்க கையெழுத்து வாங்கினு வியாழக்கிழம வாங்க.”

வாசலில் ஒரு புரோக்கர், “இதுக்கு இன்னா பேஜாரு? நானே போட்டுடறேன் தாத்தா” என்று ஃபாரத்தை எடுத்துக்கொண்டான். அவன் கையிலிருந்து ஃபாரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் அங்கே வந்து அழைக்கமாட்டேன். ஃபாரத்தை இதோடு அனுப்பவும் இல்லை. அனுப்பினால் நீ கையெழுத்துப் போட்டுத் தபாலிலேயே திருப்பிவிடுவாய்.

உன் வீட்டுக்காரன்,
ஆம்பூர்