நீல ஓரம் தைத்த எரியாத துணி

என் பெரிய பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று அடுத்த வரி எழுத வேண்டுமாம், மாலை வகுப்பு டீச்சரம்மா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார், நானும் எழுதிப் பார்த்தேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பிறந்ததிலிருந்து முதல் முதலாக எழுதுகிற கடிதத்தில் இரண்டாவது வரியே பொய்யாக இருக்கக் கூடாது. ஆனால் கெட்டதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், இது என் கை எழுத்து பாப்பா, உன் தம்பி எழுதியது இல்லை. வரி மேலே ஏறிக் கீழே இறங்கும், ‘ழ’ போட ஆரம்பித்தால் அதன் வால் எங்கே போய் முடியும் என்று எனக்கே தெரியாது, நீ பொறுத்துக்கொள். வகுப்பு நடக்கிற இடம் எது என்று நினைக்கிறாய், நம் பவர் ஹவுஸின் பழைய டைம் ஆபீஸ். எந்த ஜன்னலுக்கு வெளியே நின்று மாதாமாதம் கைநாட்டு வைத்தேனோ அதே ஜன்னலுக்கு உள்ளே பெஞ்சு போட்டு உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிறேன். மூடிப்போன இடத்தில் முதலில் திறந்தது அந்த ஒரு அறைதான். பக்கத்து வீட்டுச் சங்கும் என்னோடு வருகிறார், உனக்கு நினைவிருக்கும், ஷிப்டு மாறும்போது சங்கு ஊதுகிற வேலை பார்த்தவர், சங்கு போய்விட்டது ஆனால் ஊதுகிற பழக்கம் போகவில்லை, அவர் காதில் ஒரு சேதி விழுந்தால் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும். இந்தக் கடிதத்தை நான் அவசரமாக எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம், அதைப் பிறகு சொல்கிறேன்.

பவர் ஹவுஸை இடிக்கப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. டர்பைன் ஓடிய பெரிய கூடம் மார்க்கெட் ஆகப் போகிறது, குளிர்நீர்க் குளத்தைச் சுற்றிப் பூங்கா, புகைபோக்கி அப்படியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் எது நிற்கலாம் எது போக வேண்டும் என்று பார்க்க ஒரு கூட்டம் வந்து இறங்கியிருக்கிறது, அதற்குத் தலைமை ஒரு என்ஜினீயரம்மா, உன் வயசுதான் இருக்கும். தூணையெல்லாம் சுத்தியால் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறார்கள், தரையைத் துளைபோட்டு மண்ணைப் புட்டியில் அடைக்கிறார்கள், டிரான்ஸ்பார்மர் நின்ற இடத்தில் எண்ணெய் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். நல்ல சுவருக்குப் பச்சைக் கோடு, கெட்ட சுவருக்குச் சிவப்புக் கோடு. சங்கு அதைப் பார்த்துவிட்டு, நமக்கும் ஒரு கோடு போடச் சொல்லலாமாப்பா, பச்சைன்னா இன்னும் கொஞ்ச நாள் ஓடும்ல என்றார். எல்லோரும் சிரித்தோம். பழைய ஆட்கள் வந்து பார்க்கலாம் என்று ஒரு நாள் கேட்டைத் திறந்துவிட்டார்கள். நான் போர்டு போர்டாகப் படித்துக்கொண்டே போனேன் பாப்பா, எவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள் தெரியுமா, நாங்கள் எல்லோரும் வெற்றுச் சுவர் என்று நினைத்துத் துப்பின இடத்தில் இங்கே துப்பாதே என்று எழுதியிருக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தேன். பாய்லர் வீட்டுக்கு மட்டும் யாரையும் விடவில்லை, வாசலில் சிவப்பு நாடா கட்டி, உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடையும் மூக்குக்கு மூடியுமாகப் போனார்கள். என் வேலை முழுக்க அங்கேதான், நீராவிக் குழாய்க்கு வெள்ளைத் துணி சுற்றுகிற வேலை, நான் போட்டிருந்தது ஒரு பனியன். அந்தத் துணி வந்த சாக்கு ஒன்று வாசல் ஓரத்தில் பாதி கிழிந்து கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் அந்த மாதிரிச் சாக்கின் மேலேதான் உட்கார்ந்து சாப்பிடுவோம். கீழ்ப்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது, நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றே எழுத்துக் கூட்டிப் படித்தேன், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), தூசியைச் சுவாசிக்காதீர். அதற்கு மேல் அன்றைக்கு நான் எந்தப் போர்டையும் படிக்கவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சங்கு அந்த என்ஜினீயரம்மாவை டீ குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டார், என்னையும் கூப்பிட்டார். அவர் வீட்டுக்காரி கொதிக்கிற பாத்திரத்தை ஒரு வெள்ளை விரிப்பால் பிடித்துக்கொண்டு வந்து, அதையே மேஜையில் விரித்து அதன் மேல் வைத்தாள். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் பாய்லர் ஆட்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் குழாய்க்குச் சுற்றுகிற அந்தத் துணியில் விரிப்பு தைத்துக் கொடுக்கிற வழக்கம் உனக்குத் தெரியும், உனக்கும் கொடுத்தோம். என்ஜினீயரம்மா டீயைத் தொடவே இல்லை, இது எங்கே வாங்கினீங்க என்று மெதுவாகக் கேட்டார். சங்குக்குப் பெருமை தாங்கவில்லை, கடையில எல்லாம் கிடைக்காதும்மா, எங்க பாய்லர் வீட்டுச் சீதனம், நெருப்புலயே போட்டாலும் எரியாது, பாருங்க பாருங்க என்று பாத்திரத்தை நகர்த்திவிட்டு அதைத் தூக்கி நாலு தட்டுத் தட்டி உதறினார். அந்த அம்மா நாற்காலி விழுவதுகூடத் தெரியாமல் எழுந்து என்னையும் சங்கு வீட்டுக்காரியையும் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். சங்கு கையில் அந்த விரிப்போடு உள்ளேயே நின்று, என்னம்மா பாம்பா இருக்கு என்று கேட்டார். அதைக் கீழ வைங்க பெரியவரே, மெதுவா வச்சுட்டு வெளிய வாங்க என்று அந்த அம்மா கெஞ்சினார்.

அதன் பிறகு வீடு வீடாக வந்தார்கள். எல்லா வீட்டிலும் இருந்தது. அடுப்புப் பக்கத்தில் ஒன்று, இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒன்று, ஒரு வீட்டில் கதவு இடுக்கில் குளிருக்குச் செருகி வைத்திருந்தார்கள். நம் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா இருமிக்கொண்டிருந்தாள். என்ஜினீயரம்மா அவளிடம் உடம்பைப் பார்த்துக்குங்கம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைத் தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போய், பெரிய ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார், எங்களைத் தன் வண்டியிலேயே கூட்டிப்போனார். படம் எடுத்தார்கள், ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள், நுரையீரலைச் சுற்றியிருக்கிற தோல் கெட்டுப்போயிருக்கிறது, எடுக்க எடுக்கத் தண்ணீர் ஊறும். டாக்டர் என்னையும் தம்பியையும் தனியாகக் கூப்பிட்டு, வர வேண்டியவங்க யாராவது வெளியூர்ல இருந்தா வரச் சொல்லிடுங்க என்றார். உள்ளே போய் வேலை பார்த்தவன் நான், எனக்குப் படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது அவ்வளவுதான். வாசலைக்கூட மிதிக்காதவளுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அந்தத் துணியை வீட்டில் யாராவது வெட்டினார்களா, தைத்தார்களா என்று டாக்டர் திருப்பிக் கேட்டார்.

யார் தைத்தார் என்று உனக்கும் தெரியும். குவார்ட்டர்ஸில் தையல் மெஷின் இருந்தது நம் வீட்டில்தானே. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் உன் அம்மாதான் வெட்டினாள், ஓரம் வைத்தாள், நூலைப் பல்லால் கடித்தாள், முடித்ததும் மெஷினுக்கு அடியில் மாவு கொட்டின மாதிரி கிடக்கும், கூட்டி அள்ளுவாள். ஒரு காசு வாங்கியதில்லை. அந்தப் பொண்ணுங்க கை சுடக் கூடாது என்பாள். இப்போது அவளிடம் போய், உன் நெஞ்சில் இருப்பது அதுதான், அது போதாது என்று அத்தனை பெண்களுக்கும் உன் கையாலேயே தைத்துக் கொடுத்திருக்கிறாய் என்று எப்படிச் சொல்வேன். அதனால் பழைய சளி என்று சொல்லி வைத்திருக்கிறோம், விரிப்பைப் பூச்சி அரித்திருக்கிறது, அதனால் எடுத்துப்போகிறார்கள் என்று சொன்னோம். சங்கிடம் மட்டும், வாயைத் திறந்தால் பேச்சையே நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் பாவம், நம் வீட்டு வாசலைத் தாண்டும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டு போகிறார், அதைப் பார்த்தே அவள் சந்தேகப்படுவாள், அவர் வாய் தவறுவதற்குள் உனக்குச் சேதி வந்து சேர வேண்டும் என்றுதான் எனக்கு இந்த அவசரம்.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போன் உன் அம்மா கையில், பேச்சு ஸ்பீக்கரில், இரண்டு அறை வீட்டில் எங்கே போய்ப் பேசுவது. தம்பி வெளியே போய் உன்னைக் கூப்பிட்டு அந்த விரிப்பைத் தொடாதே என்று மட்டும் சொன்னான், அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவான், நானும் அப்படித்தான். நீ சிரித்தாயாம். இத்தனை வருஷம் தொட்டாச்சு, இனிமே தொடாம என்ன, அதுமேல உக்காந்துதான் சின்னவன் விளையாடறான் என்றாயாம். எழுதத்தான் வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். இதை எழுதும்போது உன் அம்மா எதிரே கட்டிலில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது. அப்படி என்னதான் எழுதறீங்க என்கிறாள். சங்கு வீட்டு நாய் குட்டி போட்டதை எழுதுகிறேன் என்றேன். அந்த நாய் எத்தனை நாளாக் குட்டி போடுது என்று கேட்கிறாள்.

இப்போது நான் சொல்வதை அப்படியே செய், சிரிக்காதே. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடு. மூக்கு மூடி போட்டுக்கொள். விரிப்பை உதறாதே, துவைக்காதே, வெட்டாதே, எரித்துப் பார்க்காதே. முதலில் தண்ணீரைத் தெளித்து நன்றாக நனை, மெதுவாக எடுத்துக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் வைத்துக் கட்டு, அதை இன்னொரு பைக்குள் வைத்துக் கட்டு. அது இருந்த இடத்தைக் கூட்டாதே, ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் பைக்குள் போடு. குப்பையில் போடாதே, இதற்கென்று எடுத்துப்போகிற ஆட்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். ஓரம் பிரியாமல், கிழியாமல் இருந்தால் அவ்வளவு பயம் இல்லை என்று என்ஜினீயரம்மா சொன்னார். கிழிந்திருந்தால் மறைக்காமல் உங்கள் டாக்டரிடம் சொல். அம்மாவை நினைத்து உடனே கிளம்பு, ஆனால் இதை முடித்துவிட்டுக் கிளம்பு.

இதற்குக் கீழே வருவதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். மேலே இருப்பதையெல்லாம் நேற்று முடித்துவிட்டு மடிக்கப் போனேன், உன் அம்மா படித்துக் காட்டச் சொன்னாள். மறுக்க முடியுமா. தாளைப் பிடித்துக்கொண்டு, நாய்க்குட்டி நிறம், மார்க்கெட்டில் கடை கிடைத்தால் தம்பி பழைய இரும்பு லாரி ஓட்டுவதை விட்டுவிடலாம் என்பது, நீ குளிருக்கு அடக்கமாகத் துணி போட்டுக்கொள் என்பது, எல்லாம் வாயில் வந்தபடி சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, எப்பப் படிச்சாலும் எழுத்துக்கு எழுத்து விரலை வச்சு நகத்துவீங்க, கடைப் போர்டைக்கூட அந்தரத்துல விரலை நீட்டித்தான் படிப்பீங்க, இப்ப விரல் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லையே, உள்ளதைப் படிங்க என்றாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை பாப்பா. விரலை முதல் வரியில் வைத்தேன். நான் படிக்கிற வேகம் உனக்குத் தெரியாது, ஒரு வார்த்தை வந்து சேர்வதற்குள் அடுப்பில் தண்ணீர் கொதித்துவிடும், அந்த வேகத்தில் அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாக்டர் சொன்ன இடத்தில் மேலே படிங்க என்று தலையை ஆட்டினாள், தன் உடம்பு அவளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. மெஷின் வந்த இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதை இன்னொரு வாட்டி படிங்க என்றாள். படித்தேன். மூலையில் துணி போட்டு மூடியிருக்கிற மெஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், மூச்சு அதற்குப் போதவில்லை.

பொழுது சாய்ந்த பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். ஒவ்வொருத்திக்கும் ஓரத்துக்கு ஒவ்வொரு கலர் வச்சேன், மாறிப் போயிடக் கூடாதுன்னு, பெரியவளுக்கு நீலம், சங்கு மகளுக்குப் பச்சை, கிரேன்காரர் மகளுக்குக் கத்தரிப்பூக் கலர், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு, எவ எந்த ஊர்ல இருக்கான்னும் தெரியும், நான் சொல்றேன் நீங்க எழுதுங்க என்றாள். சங்கை ஊத விட்டிருந்தாலாவது இந்நேரம் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், நல்ல ஆளைப் பார்த்து வாயைக் கட்டினீங்க என்று என்னைத் திட்டவும் செய்தாள். உன்னை வரச் சொல்ல வேண்டும் என்றாள். சேதியைப் படிச்ச பதட்டத்துல அம்மா தச்சதாச்சேன்னு அந்த விரிப்பையும் பெட்டியில வச்சுத் தூக்கிட்டு வந்துடப் போறா, அதையும் தெளிவா எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன். கொண்டு வராதே.

நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு, குறைவில்லாத மூச்சோடு இருக்க வேண்டும், இப்போதைக்கு எனக்கு வேறு ஆசீர்வாதம் தெரியவில்லை. முதலில் பை, பிறகு டிக்கெட். பச்சை ஓரத்துக்காரிக்கு எழுதத் தாள் எடுத்து வைத்துக்கொண்டு அம்மா காத்திருக்கிறாள், இத்தோடு நிறுத்துகிறேன்.

தன் கையாலேயே எழுதிய,
உன் அப்பா.

கீழே நீல மையில் இருப்பது உன் அம்மாவின் பெருவிரல். இதில் உள்ளது எல்லாம் தெரிந்துதான் வைத்திருக்கிறாள்.