நரி முகத்தில் விழித்த வாரம்

பிப்ரவரி 3, திங்கள்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. எல்லாம் சிட்டு செய்த வேலை. "அத்தே, ஒரு நிமிஷம் வாங்க" என்று கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஒரு நிமிஷம் என்றால் எனக்குக் கால் மணி நேரம்.

வேலிக் கம்பத்தில் பச்சையாக ஒரு பெட்டியைக் கட்டியிருக்கிறாள். அதுதான் கேமராவாம். ஆளே வேண்டாமாம், எதிரே ஏதாவது அசைந்தால் தானாகவே படம் எடுத்துக்கொள்ளுமாம். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் படிக்கிற கால்நடைப் பல்கலைக்கழகத்தின் முள்காடு. அங்கே எந்த மிருகம் எந்த நேரத்தில் நடமாடுகிறது என்று பார்ப்பதுதான் இவளுடைய கடைசி வருஷ ஆய்வு. ஞாயிற்றுக்கிழமைதோறும் பெட்டியைத் திறந்து, நகம் அளவு கார்டு ஒன்றை உருவி, படம் பார்க்க வேண்டுமாம். எப்படி உருவுவது என்றுகூடச் செய்து காட்டினாள்.

எனக்கு ஒரே கட்டளை. அந்தப் பக்கம் ஒரு பருக்கை விழக்கூடாது. "நீங்க சோறு வெச்சா, அது சோத்துக்கு வந்த மிருகமா ஆயிடும். அப்புறம் என் ஆய்வே பொய். மேடம் தூக்கிக் கடாசிடுவாங்க." மேடம் என்றால் அவளுடைய பேராசிரியை. இவள் சாமிக்குப் பயப்படுவதைவிட அந்த அம்மாளுக்குத்தான் அதிகம் பயப்படுகிறாள். சோறு வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

அண்ணன் போன் செய்தார். பொண்ணு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். அதற்காகத்தானே ஆறு மாசத்துக்கு முன் என்னை இங்கே அனுப்பி வைத்தார். நன்றாகச் சாப்பிடுகிறாள். தட்டுக்குப் பக்கத்தில் மாட்டுக் குடல் படத்தை விரித்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

காய் நறுக்கும்போது ஆள்காட்டி விரலில் கத்தி பட்டுவிட்டது. குற்றம் கத்தி மேல் இல்லை. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் சமையலறை ஜன்னலைத் திறக்கிறேன், வேலிக்கு அந்தப் பக்கம் நரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நரியேதான். யாருக்காவது நல்லது நடந்தால் "நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்டே ஐம்பத்து நாலு வருஷத்தை ஓட்டிவிட்டேன். முகத்தைப் பார்த்தது இன்றைக்குத்தான்.

அது ஓடவில்லை. பாத்திரம் தேய்த்தேன், வேண்டுமென்றே ஒன்றைக் கீழே போட்டேன், உரக்கத் தோத்திரம் சொன்னேன். அசையவில்லை. நாய் உட்காருகிற மாதிரி முன்னங்காலை ஊன்றி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, என்னையே பார்த்துக்கொண்டு இருந்தது. பதினோரு மணி வெயிலிலும் அங்கேயே. நரி பகலில் வருமா?

சாயங்காலம் சிட்டுவிடம் சொன்னேன். மறுநாள் மாட்டு வைத்திய முகாமுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். "நாயா இருக்கும் அத்தே." வாசலில் வாட்ச்மேனைக் கேட்டேன். இந்தப் பக்கம் நரியைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆச்சாம். "வயசாச்சுன்னா அதெல்லாம் தெரியும்மா" என்று வேறு சொன்னார். அவர் என்னைவிடப் பத்து வயசு மூத்தவர்.

பிப்ரவரி 8, சனி

சிட்டு விடியற்காலையே முகாமுக்குக் கிளம்பிவிட்டாள். திங்கள் மாலைதான் வருவாள். அவள் போன வண்டிச் சத்தம் அடங்கவில்லை, அது வந்து உட்கார்ந்தது. நேற்று உட்கார்ந்த அதே இடம்.

நான் தோத்திரம் சொன்னால் தலையைச் சாய்க்கிறது. நிறுத்தினால் நிமிர்கிறது. சும்மா சொல்லவில்லை, மூன்று தடவை நிறுத்திப் பார்த்தேன்.

சோறு வைக்க மாட்டேன் என்றுதானே சத்தியம். தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லையே. ஒரு கிண்ணத்தை வேலிக்கு அடியில் தள்ளினேன். மூக்கை வைத்தது, நாக்கை விட்டது, ஆனால் குடிக்கவில்லை. தண்ணீர் வாயோரமாக வழிந்து கிண்ணத்திலேயே விழுந்தது. வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் என்னைப் பார்த்தது.

விரதம் இருக்கிற ஜீவன் என்று தோன்றியது. நானும் மத்தியானம் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

என்ன செய்துவிட்டேன் என்று எழுதிவிடுகிறேன். எழுதினால் பாரம் குறையும்.

இன்று அதன் வாய் மூடவே இல்லை. கீழ்த்தாடை தொங்கி, எச்சில் நூல் நூலாக வடிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. விரதமாவது ஒன்றாவது, தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது, அதைச் சொல்லத்தான் மூன்று நாளாக என் வாசலில் தவம் கிடக்கிறது. வாயில்லா ஜீவன் வேறு யாரிடம் போய்ச் சொல்லும்?

கம்பி இடைவெளியில் கையை விட்டு, இரண்டு விரலை அதன் வாய்க்குள் நுழைத்துத் துழாவினேன். உள்ளே கொதித்தது. எலும்பு எதுவும் அகப்படவில்லை. கையை எடுக்கும்போது பல், கத்தி பட்ட இடத்தில் உரசியது. அது பின்வாங்கவில்லை, உறுமவில்லை. கடிக்கிறது என்றால் என்ன என்பதே மறந்துபோன மாதிரி இருந்தது. கண் மட்டும் என் மேலேயே. ஆனால் என்னைத்தான் பார்க்கிறதா என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்கிற மாதிரிப் பார்வை. நான் திரும்பிக்கூடப் பார்த்தேன்.

தொட்ட கையோடு விளக்கேற்ற முடியுமா? குழாயைத் திறந்துவிட்டு, சோப்பைப் போட்டுக் கால் மணி நேரம் தேய்த்தேன். தலைக்கும் குளித்தேன். விளக்கேற்றும்போதுதான் கேமரா ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் எடுத்திருக்குமே. கிண்ணம், கை, எல்லாம். அதைப் பார்த்தால் சிட்டு என்ன சொல்வாள்? மேடம் என்ன சொல்வார்?

கார்டை உருவிவிட்டேன். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சாமிக்குத் தெரியாமல் செய்தால்தானே தப்பு.

பிப்ரவரி 10, திங்கள்

கார்டு இல்லை என்று சிட்டு பெட்டியைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தாள். "போடவே மறந்துட்டேன் போல அத்தே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அழுதுவிட்டு வேறு கார்டு போட்டாள். ஒரு வாரப் பதிவு போச்சாம். நான் அவளுக்குச் சோறு பரிமாறினேன். கல்நெஞ்சக்காரி.

பிப்ரவரி 12, புதன்

இரண்டு நாளாக ஜன்னலைத் திறக்கவில்லை. ஆனால் அங்கேதான் இருக்கிறது. சிட்டு வகுப்புக்குப் போனதும் கூப்பிட ஆரம்பிக்கிறது. ஊளை என்று சொல்ல முடியாது. குடம் தண்ணீரில் முங்கும்போது ஒரு சத்தம் வருமே, அப்படி. பாதியிலேயே அறுந்துபோகிறது. மீதிப் பாதி எப்போது வரும் என்று நான் காத்துக்கொண்டே இருக்கிறேன்.

மத்தியானத்துக்கு மேல் சத்தம் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் செத்துக் கிடந்ததாம். வாட்ச்மேன் வந்து, "நீங்க சொன்னது சரிதாம்மா" என்றார். சரியாக இருந்து என்ன பிரயோஜனம்.

அதை அறுத்துப் பார்த்தது சிட்டுவும் மேடமும்தான். மூளையைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். வீட்டுக்கு வந்ததும் புதுக் கார்டில் இருந்த படங்களை எனக்குக் காட்டினாள். இருநூற்றுப் பதினாலு படம். எல்லாவற்றிலும் நரி, எல்லாவற்றிலும் அதே இடம், அதே சாய்ந்த தலை. வெளிச்சம் மட்டும்தான் மாறுகிறது.

"மூடின ஜன்னலைப் பாத்துக்கிட்டு ரெண்டு நாள் உக்காந்திருக்கு. மிருகம் இப்படி உக்காராது அத்தே. அது நம்மளப் பாத்துப் பயப்படலேன்னா, நாமதான் பயப்படணும்."

என்ன நோய் என்று கேட்டேன். ரேபிஸாக இருக்கும் என்றாள். வெறிநோய் என்றால் துரத்திக் கடிக்குமே, இது சாதுவாக அல்லவா இருந்தது என்று வாய்வரை வந்துவிட்டது. அவளே சொன்னாள்.

"இன்னொரு வகை இருக்கு. சும்மா உக்காந்திருக்கும். தாடை தொங்கிடும், தண்ணியக்கூட முழுங்க முடியாது. எலும்பு சிக்கியிருக்குன்னு பாவம் பாத்து யாராவது வாய்க்குள்ள கைய விடுவாங்க. முதல் வருஷம், முதல் பாடம் எங்களுக்கு அதான். அப்படிக் கைய மட்டும் விட்டுடாதீங்கன்னு. அந்த நோய் ஆளுக்கு வந்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டாத்தான் உண்டு."

என் கை முந்தானைக்குள் இருந்தது.

"நீங்க யாரும் கிட்ட போகலையே?"

"போகல"ன்னுட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாச் சொல்லிடுச்சு. ஓயாமப் பேசுற வாய், பேச வேண்டிய நேரத்துல ஒரே ஒரு வார்த்தை பேசிச்சு, அதுவும் பொய்.

பிப்ரவரி 14, வெள்ளி

விரல் அரிக்குது. காயம் ஆறும்போது அரிக்கத்தானே செய்யும்? யாரைக் கேக்குறது?

தண்ணி குடிச்சுப் பாத்தேன். இறங்குச்சு. மறுபடியும் குடிச்சேன். எட்டு டம்ளர்.

கார்டைக் கொடுத்தா அவ ஆய்வு போச்சு, அத்தைக்காரி கெடுத்தான்னு ஆயிடும். கொடுக்கலேன்னா? ஒரு கிழவியோட விரலுக்காக ஒரு பொண்ணோட படிப்பைக் காவு கொடுக்கணுமா? இப்படியெல்லாம் பெருசா எழுதுறேன். உண்மை என்னன்னா எனக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதான்.

பிப்ரவரி 15, சனி

மத்தியானம் மேடம் போன் செய்தார். சிட்டு "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். நான் கேட்கவில்லை, நரிக்கு அந்த நோய்தான் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. சாமி முன்னால் போய் நின்றேன். படத்துக்குப் பின்னால் கையை விட்டுக் கார்டை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். கையை விட்ட படம் வந்தது. அதில் என் முகம் இல்லை. கம்பி, அதன் வாய், என் கை, என் வளையல். நான் துழாவும்போது அது எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை, படத்தில் தெரிந்தது. அது கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எந்தக் கை?" என்றாள். நீட்டினேன். அவள் கைதான் ஜில்லென்று இருந்தது. "எந்திரிங்க" என்றாள். ஸ்கூட்டரில் ஏறும்போது அவள் காலில் ஒன்று அவள் செருப்பு, ஒன்று என் செருப்பு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எத்தனை நாளாச்சு என்று என்னைக் கேட்டார். ஆறு என்றேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசவே இல்லை, சிட்டுவைப் பார்த்தே பேசினார். விரலைச் சுற்றிச் சுற்றி ஊசி, கையில் ஒரு ஊசி. இன்னும் நாலு தடவை வர வேண்டும்.

அன்றைக்குக் கையைக் கழுவினீர்களா என்று கேட்டார். தீட்டுப் போகக் கால் மணி நேரம் சோப்புப் போட்டுத் தேய்த்ததைச் சொன்னேன். சிட்டு முதல் தடவையாக மூச்சு விட்டாள்.

"நீங்க செஞ்சதுல உருப்படியான காரியம் அது ஒண்ணுதான் அத்தே."

மேடத்திடம் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். என் மேல் பழி போடாமல்.

பிப்ரவரி 22, சனி

மூன்றாவது ஊசி. அந்த நோய் நரம்பு வழியாக விரலிலிருந்து தலைக்கு ஊர்ந்து போகுமாம், எறும்பைவிட மெதுவாக. ஊசி முந்தினால் நான் பிழைத்தேன். டாக்டர் ஊசிதான் முந்தும் என்கிறார். சிட்டுவும் அதையேதான் சொல்கிறாள். ஆனால் தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டு, புத்தகத்துக்கு மேலாக என் தொண்டையைப் பார்க்கிறாள். நான் குடித்து முடிக்கும்வரை பக்கம் திருப்புவதில்லை.

மார்ச் 15, சனி

ஐந்தாவது ஊசியும் ஆயிற்று. இனி மேலே இருப்பவன் பாடு.

ஏப்ரல் 20, ஞாயிறு

மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன் போல. முழித்துப் பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கம் சிட்டு நிற்கிறாள். கார்டு எடுக்கப் போனவள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கையில் கேமராப் பெட்டி திறந்தபடியே இருந்தது.

"அத்தே." ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் அப்படி உக்காந்திருக்கீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். என் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. மோவாயில் ஈரம்.

தூங்கிட்டேன்டி, தூங்கினா எவளுக்குத்தான் வாய் மூடியிருக்கும் என்று அதட்டினேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே வந்து, வந்ததும் வராததுமாகத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்துக் காட்டினேன்.

ஜூன் 22, ஞாயிறு

நாலு மாசம் தாண்டிவிட்டது. டாக்டர் கடைசியாகப் பார்த்துவிட்டு, இனிமேல் வரவேண்டாம், வந்தால் காய்ச்சல் தலைவலிக்கு வாருங்கள் என்றார்.

சிட்டு பாஸ். அந்த ஒரு வாரத்தைத் தள்ளிவிட்டு மீதியை ஏற்றுக்கொண்டாராம் மேடம். மேற்படிப்பும் இங்கேயேதான், எனக்கும் அடுப்பு இங்கேயேதான். மேடம் என்னிடம் ஒரு அனுமதி கேட்டு அனுப்பியிருந்தார். அந்தப் படத்தை முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று. பேர் போட மாட்டார்களாம். காட்டட்டும். எட்டாவது வரை படித்தவள் பல்கலைக்கழகத்தில் பாடமாகிவிட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, சந்தோஷப்பட்டார்.

இன்று காலை டம்ளரை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். சிட்டு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன அத்தே, வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு. அந்தப் பக்கம் உக்காருங்க."

ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். வேலிக்கு அப்பால் எதுவும் இல்லை. தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.