பலாவேரும் நாற்பத்தெட்டும்

எடா, பந்தைத் தூக்கி அடிக்கும் உன் கோல்ஃப் மட்டை, அந்த வெட்ஜ், இப்போது என்னிடம். உன் அம்மா கொடுத்தார். நீ கைக்குப் போடும் பவுடர் வாசனை அதன் ரப்பர் பிடியில் இன்னும் போகவில்லை.

ஸ்ரீவராகத்தில், உங்கள் வீட்டுக் கொல்லையில், அதால் பந்தைத் தூக்கி அடித்து வாளிக்குள் விழவைத்துப் பழகுவாய். தினமும் ஐம்பது. ஒருநாள் வாளியில் சாணித் தண்ணீர் நிரப்பிவைத்தேன். பந்தெடுக்கக் கையை விட்ட உனக்கு முழங்கை வரை பச்சை! அப்போதும் எண்ணிக்கையை விடவில்லை நீ.

மைதானத்திலும் அப்படித்தான். நான் ஓங்கி அடித்துக் குளத்துக்குப் பந்து தானம் செய்வேன். நீ சின்னச் சின்ன அடியாகக் குளத்தைச் சுற்றிப் போவாய்.

"இது கோல்ஃபா, கோலமாடா? புள்ளி புள்ளியா வைக்கறே!"

"அடுத்த அடி எங்கேருந்து சுலபமோ, அங்கே போட்டாப் போறும்டா."

ஒன்பது குழியையும் ஐம்பது அடிக்குக் குறைவாக முடிப்பது உன் ஆசை. அன்று கடைசிக் குழியில் உன் முதல் அடி பலாவேருக்குள் போய் மாட்டியது. விழுந்த இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும். நீ வருவதற்குள் பந்தைக் காலால் புல்லுக்குத் தள்ளிவிட்டேன். நீ திருதிருவென்று விழித்ததும் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான். நீயோ, "அய்யோ, எந்தா பாக்யம்!" என்று துள்ளினாய். அந்தக் குழி நான்கில் முடிந்தது. மொத்தம் நாற்பத்தெட்டு. ஸ்கோர் அட்டையில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். மூன்றாம் வாரம் எலிக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது அந்த அட்டை உன் படத்துக்குக் கீழே இருக்கிறது. "நீ கூட இருந்தையோல்லியோ கண்ணா? எப்படி ஆடினான், சொல்லேன்," என்று நான் போகும்போதெல்லாம் உன் அம்மா கேட்கிறார். நான் குளத்துக்குப் பந்து தானம் செய்த கதையைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

அதனால் வேருக்குள் பந்தை வைத்து, நீ ஆடியிருக்கும்படி ஆடிப் பார்க்கிறேன். பக்கவாட்டில் வெளியே ஒரு தட்டு, குழிப்பக்கம் ஒன்று, வெட்ஜால் ஒன்று, உள்ளே ஒன்று. உன் முதல் அடியோடு ஐந்தில் முடிந்தால் நாற்பத்தொன்பது. நான் தள்ளாமலே நீ ஜெயித்தவன்தான். எனக்கு வந்ததோ ஆறு, ஏழு, மறுபடி ஆறு. உன் வாளியில் பதினொரு நாள் பழகிய பிறகு, இன்று ஐந்து.

துள்ள வந்தது, துள்ளவில்லை. அது என் ஐந்துடா. அந்த வேரிலிருந்து அடிக்க உன்னை நான் விடவே இல்லையே.

இதை எழுதி முடித்ததும் உன் வீட்டுக்குப் போகிறேன். அம்மா அதையேதான் கேட்பார். இந்த முறை பலாவேரிலிருந்து தொடங்குவேன். திருப்பிக் கேட்டால் கொடுப்பதற்கு, வெட்ஜையும் எடுத்துக்கொள்கிறேன்.