தொட்டிமேல் எடுத்த படம்

மார்ச் 3
குடிநீர்த் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்று. ஏறியவர் ஏணி அண்ணன். படியில் எங்கும் நிற்காமல் ஏறுவதால் அந்தப் பெயர். வாளியிலிருந்து அவர் கொட்டும்போது நான் படம் எடுத்து ஆபீஸ் குரூப்புக்கு அனுப்ப வேண்டும். படம் இல்லையென்றால் வேலையே நடக்கவில்லை என்பார்கள். இன்று கை தவறி எங்கள் குடும்ப குரூப்புக்கும் போய்விட்டது. தொட்டிதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 9
ஊர் குரூப்பில் அந்தப் படம். அண்ணன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘நம் தண்ணீரில் விஷம் கலக்கும் கூட்டம் இதுதான். ஓட்டுப் போடும்போது மறக்காதீர்கள்.’ அண்ணன் எங்கள் ஆட்கள் இல்லை, அது போதாதா? கீழே வாய்கூசும் வசவுகள். ஒருவன் அவர் குடியிருக்கும் தெருவையே எழுதியிருக்கிறான்.

படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல். நான் எடுத்தது!

மார்ச் 9, மாலை
தம்பிதான். தன் வேட்பாளருக்காக நாள் முழுக்கக் கைப்பேசியில் பிரசாரம் செய்கிறவன் வேறென்ன செய்வான்?

“விடுக்கா. தேர்தல் நேரத்துல இதெல்லாம் சகஜம். அவர் பேரையா போட்டேன்?”

“மூஞ்சியப் போட்டியேடா!”

குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்துக் கடகடவென்று குடித்தான். அதே தொட்டித் தண்ணீர். துளி பயம் இல்லை. அப்போ பொய்னு தெரிஞ்சேதானே போட்டிருக்கே? பாவி, உன்னை இடுப்பில தூக்கி வளர்த்தேனே.

மார்ச் 10
மறுப்பு வெளியிடச் சொல்லி எங்கள் ஆபீஸ் பொறியாளரிடம் போனேன். “தேர்தல் முடியட்டும்மா. இப்ப வாயைத் திறந்தா நம்மளையும் ஒரு கட்சியில சேத்துடுவாங்க.” நாற்காலியைக் காப்பாற்ற என்ன அக்கறை!

மார்ச் 12
ஏணி அண்ணன் வீட்டு ஜன்னலில் கல் விழுந்திருக்கிறது. மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. “நீங்க வேணும்னேவா அனுப்புனீங்க? விடுங்கம்மா,” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 13
மறுபடி பவுடர் போடும் நாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நானே ஏறினேன். பாதியிலேயே மூச்சு வாங்கியது. அண்ணனைப் படம் எடுக்கச் சொன்னேன். அதே தொட்டி, அதே வாளி, அதே வெள்ளைத் தூள். ஒரு சொல்கூட எழுதாமல் ஊர் குரூப்பில் போட்டேன்.

மார்ச் 14
‘சூப்பர் அக்கா.’ ‘சிங்கப் பெண்.’ பூ, கைதட்டல், கும்பிடு. வாளியில் என்ன என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டாரா? அண்ணனைக் கூசாமல் திட்டிய அதே ஆட்கள்! தம்பிகூட ஒரு இதயம் போட்டிருக்கிறான். வெட்கங்கெட்டவன்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி போட்டேன். ‘வாளி ஒன்றுதான். விஷம் என்று எழுதியவன் என் கூடப்பிறந்த தம்பி.’

மார்ச் 15
குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். அம்மா பேசவில்லை. “தம்பி மானத்தை வாங்கிட்டியே” என்று காலையில் சொன்னதோடு சரி.

அடுத்தவர் மானம் என்ன, தெருவில் கிடக்கிறதா?

ஏப்ரல் 2
தம்பியின் வேட்பாளர் தோற்றுப்போனார். அந்தப் பதிவை அவன் நீக்கிவிட்டான். வேலை முடிந்ததல்லவா.

ஏப்ரல் 20
ஏணி அண்ணன் மாற்றல் வாங்கிக் குடும்பத்தோடு போய்விட்டார். இன்று புது ஆள் தொட்டியில் ஏறினார், அங்கங்கே நின்று நின்று. கீழே குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“புது ஆளாக்கா? இவரு எந்த ஆளுங்க?”

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.