காலி ஜாடி

மார்ச் 4

மாமனாருக்கு இன்றும் மலம் போகவில்லை. இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தரும் வலி மாத்திரை குடலைக் கட்டிவிடுமாம். மருந்துக்கடைக்காரர் நார்ப்பொடி கொடுத்தார். "தண்ணி நிறைய குடிக்கணும் சார். இல்லேன்னா உள்ளயே பசை மாதிரி இறுகிடும்." ஜாடியை நிரப்பிக் கட்டிலருகே வைத்தேன்.

மனைவி வேலைக்குப் போகிறாள். கல்லூரியில் எனக்கு வர வேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் என் மாணவனை உட்கார வைத்தார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கைமேல் பலனாகக் கிடைத்திருக்கிறது, இந்தப் பணிவிடை உத்தியோகம்.

மார்ச் 6

ஜாடி மாலைக்குள் காலி. பொடியும் உள்ளே போகிறது. பலன்தான் இல்லை.

கழிப்பறை வரை போக அவருக்கு என் தோள் வேண்டும். இதே தோளைத்தான் கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் தட்டி, "படிச்ச புள்ளதான், பொழைக்கத்தான் தெரியாது" என்று சிரித்தார். அவர் மறந்திருப்பார்.

மார்ச் 7

பொறுமை போய், குடலை முடுக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். முறுக்கி வலித்ததே மிச்சம். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். சாப்பாடும் வேண்டாமாம்.

மார்ச் 8

டாக்டருக்குப் போன் செய்தேன். வாந்தி எடுத்தாலோ வயிறு உப்பினாலோ உடனே கொண்டுவரச் சொன்னார். "தண்ணி குடிக்கிறாரா?" ஜாடி ஜாடியாக, என்றேன்.

ஏதாவது ஆகிவிட்டால் பழி என்மேல்தான் — முதலில் அதைத்தானே நினைத்தேன்?

மார்ச் 9

கீழ் வீட்டம்மா ஈரத் துண்டோடு படியேறி வந்தாள். "ஏங்க, தினமும் உங்க ஜன்னல்லேர்ந்து மழை பெய்யுதே! காயப்போட்டதை எத்தனை தடவை பிழியறது?"

அவர் கட்டிலை ஒட்டிய ஜன்னல்.

கத்தினேன். "என்ன மாமா இது? சின்னப் புள்ளையா நீங்க? செத்துத் தொலையணுமா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "குடிச்சா ஒண்ணுக்கு வரும் மாப்பிள்ளை. வந்தா உங்களைக் கூப்பிடணும். கூப்பிட்டா, நீங்க வர்றதுக்கு முன்னாடி உங்க பெருமூச்சு வந்துடுது."

நான் பெருமூச்சு விடுகிறேனா?

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். பொடியையும் மாத்திரையையும் நிறுத்தி, மலத்தை இளக்கும் சிரப் கொடுக்கச் சொன்னார். ஒன்றிரண்டு நாள் பிடிக்குமாம். அதற்குள் போகாவிட்டால் ஆஸ்பத்திரி. தம்ளரை நானே நீட்டினேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

மார்ச் 10

நாலைந்து தடவை கூப்பிட்டார். எல்லாம் சிறுநீருக்குத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன்.

மார்ச் 11

காலையில், "மாப்பிள்ளை! சீக்கிரம்!" அதட்டல். பழைய குரல். ஓடினேன். உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்தி வெளியே நின்றேன்.

"இருக்கீங்களா?"

"இங்கதான் இருக்கேன் மாமா. முக்காதீங்க, மெதுவா."

கல்யாணத்தன்று சொன்ன அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. மறக்கிறவன் இல்லை நான். நின்றுகொண்டே இருந்தேன்.

வெகுநேரம் கழித்து, உள்ளேயிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.